பண்டிகைப் படம் வசூலை அள்ளினால் ரைடு கட்டிவிடலாமா?

சுங்கை சிப்புட்டில் நம் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. 2018-இல் வந்த ‘தி கிரிஞ்ச்’ என்ற கிறிஸ்துமஸ் கார்ட்டூன் படம் உலகம் முழுக்க 500 மில்லியன் டாலருக்கு மேல் வசூலித்தது, டிசம்பர் வந்தால் பிள்ளைகள் இன்னும் அதைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள். அப்படியிருந்தும் யுனிவர்சல் தீம் பார்க்கில் அதற்கென்று ஒரு பெரிய ரைடு ஏன் இல்லை, இவ்வளவு வசூல் பார்த்த பண்டிகைப் படத்துக்கு ரைடு கட்டினால் போட்ட காசு திரும்பாதா, நம் ஈப்போ பக்கம் யாராவது இப்படி ஒன்று கட்டினால் கூட்டம் வராதா என்று கேட்கிறார்.

நேராகச் சொல்கிறேன் தம்பி, வசூல் மட்டும் போதாது. அதிலும் பண்டிகைக்கு வந்த படமென்றால் அந்த வசூலைப் பிரித்துப் பார்க்காமல் ஒரு வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கூடப் போடக் கூடாது. ரைடு மெயின்டனன்ஸ் வேலையில் பல வருஷம் இருந்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டவன் நான். இந்தக் கேள்வி எனக்கு மனசுக்கு நெருக்கமானது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 500 மில்லியன் யாருடைய காசு என்று பாருங்கள். தியேட்டரில் நாம் கொடுக்கும் டிக்கெட் காசில் ஏறக்குறைய பாதி தியேட்டர்காரருக்குப் போகும், சில நாடுகளில் பாதிக்கும் மேல். மீதியில்தான் படத்தை எடுத்த செலவு (கிரிஞ்சுக்கு சுமார் 75 மில்லியன் டாலர்), அதை உலகம் முழுக்க விளம்பரம் செய்த செலவு எல்லாம் கழிய வேண்டும். அப்புறம் மிஞ்சுவது ஸ்டூடியோவின் லாபம். அது படம் எடுத்ததற்கான கூலி, அந்தக் கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. தீம் பார்க் கட்டுகிறவர் அந்தக் காசில் ஒரு சென்னும் பார்க்க மாட்டார், அவர் வங்கியில் புதிதாகக் கடன் எடுத்து, அதே ஸ்டூடியோவுக்கு லைசென்ஸ் காசும் கட்டி, கடைகளில் விற்கும் ஒவ்வொரு பொம்மைக்கும் தொப்பிக்கும் ராயல்டி கொடுத்து, பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார். டிஸ்னி, யுனிவர்சல் மாதிரி படமும் பார்க்கும் ஒரே குடும்பத்தில் இருப்பவர்களுக்கு லைசென்ஸ் பாரம் குறைவு. ஆனால் அவர்களும் பழைய படத்தின் லாபத்தை எடுத்து இரும்பு வாங்குவதில்லை, ஒவ்வொரு ரைடும் தன் செலவைத் தானே சம்பாதித்துக் காட்ட வேண்டும்.

அடுத்து, பண்டிகை வசூலில் படத்தின் பங்கு எவ்வளவு, அந்தத் தேதியின் பங்கு எவ்வளவு? தீபாவளிக்கு மறுநாள் ஈப்போவில் தமிழ்ப் படம் ஓடும் எந்த தியேட்டர் வாசலிலும் போய் நில்லுங்கள். சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளை வந்திருக்கும், ஜோகூரிலிருந்து மச்சான் குடும்பம் வந்திருக்கும், வீட்டில் பத்துப் பதினைந்து பேர், மத்தியானச் சாப்பாடு முடிந்து எங்காவது போக வேண்டும். என்ன படம் என்று கேட்பதற்கு முன்பே டிக்கெட் எடுக்க ஆள் கிளம்பிவிடும். நல்ல படம் என்றால் இரண்டாவது வாரமும் நிற்கும், சுமாரான படமென்றாலும் முதல் நான்கு நாள் வசூல் வந்துவிடும். கிறிஸ்துமஸுக்கு அமெரிக்காவில் நடப்பதும் இதேதான், நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில் ஆரம்பித்து புது வருஷம் வரைக்கும் பிள்ளைகளோடு வீட்டில் இருக்கும் பெற்றோர் எதையாவது பார்த்துத்தான் ஆக வேண்டும். அந்தக் கூட்டம் படத்தைத் தேடி வந்ததா, விடுமுறையைக் கழிக்க வந்ததா என்று வசூல் எண்ணைப் பார்த்துச் சொல்லவே முடியாது. தீம் பார்க்குக்கும் அந்த விடுமுறை இருக்கிறது, அந்த நாட்களில் எந்த ரைடு இருந்தாலும் வரிசை நிற்கும். ஆக, பண்டிகைக் கூட்டத்தைக் காட்டி ரைடு கட்டுவது, ஏற்கனவே நிறைந்திருக்கும் நாளை மறுபடி நிரப்பப் போகிறேன் என்று சொல்வதாகத்தான் முடியும்.

வசூலை வருஷம் பார்க்காமல் ஒப்பிடுவதும் கூடாது. 1990-இல் வந்த ‘ஹோம் அலோன்’ சுமார் 476 மில்லியன் டாலர் எடுத்தது. அப்போது அமெரிக்காவில் சராசரி டிக்கெட் 4 டாலர் சொச்சம், 2018-இல் 9 டாலர் சொச்சம். எண்ணில் கிரிஞ்ச் முன்னால் நிற்கிறது, சீட்டில் உட்கார்ந்த தலைகளைக் கணக்குப் பார்த்தால் ஹோம் அலோன் வெகு தூரம் முன்னால். அந்தப் படம் 2019-இல் ஃபாக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து டிஸ்னியின் கைக்கு வந்துவிட்டது, டிஸ்னியும் தன் பார்க்குகளில் அதற்கு ஒரு ரைடு கட்டவில்லை. இத்தனைக்கும் உலகத்தில் பாதிப் பேருக்கு அந்தப் பையன் முகம் தெரியும். ஒரு வீடு, இரண்டு திருடர்கள், ஒரு பையன். அந்தக் கதையைப் பார்த்துச் சிரிக்கலாம், ஆனால் அதற்குள் நாம் ஏறி எங்கே போவது?

இப்போது ரைடின் கணக்குக்கு வருகிறேன், இதுதான் வெளியிலிருந்து யாருக்கும் தெரிவதில்லை. ஒரு வண்டியில் 12 பேர், 36 நொடிக்கு ஒரு வண்டி கிளம்புகிறது என்று வையுங்கள். மணிக்கு 100 வண்டி, 1,200 பேர். காகிதத்தில் அவ்வளவு. நடைமுறையில் மூன்று பேர் குடும்பம் நான்கு பேர் வரிசையில் உட்காரும்போது ஒரு சீட்டு காலி, ஒரு பாட்டி ஏற நேரம் எடுத்தால் வண்டி நிற்கும், ஒரு பிள்ளை தொப்பியைத் தண்டவாளத்தில் போட்டால் மொத்த லைனும் நிற்கும், ஒரு சென்சார் தப்பாகச் சொன்னால் அரை மணி நேரம் போய்விடும். பள்ளி விடுமுறையில் அந்த 1,200 போதாது, சாதாரண செவ்வாய்க்கிழமையில் மணிக்கு நூறு பேர் வந்தால் அதிகம். ஆனால் செலவு செவ்வாய்க்கிழமை என்று பார்த்துக் குறையாது. விடியற்காலையில் டெக்னீஷியன்கள் வந்து தண்டவாளத்தை நடந்து பார்க்க வேண்டும், காலி வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு சீட்டின் தடுப்புக் கம்பியையும் இழுத்துப் பார்க்க வேண்டும், அவசர நிறுத்தப் பொத்தான் வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்க்க வேண்டும். அன்றைக்கு வரப்போவது இருநூறு பேரா பத்தாயிரம் பேரா என்பது அந்த வேலைக்குத் தெரியாது. வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியைப் பிரித்து அச்சிலும் சக்கரத் தாங்கியிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். உதிரிப் பாகம் ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வரும், விலை யூரோவில், டாலரில். நம் சம்பாத்தியம் வெள்ளியில். இதோடு நம் நாட்டுச் சூட்டையும் ஈரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அசையும் பொம்மைகளின் சிலிக்கான் தோல் வெளிநாட்டுக் கையேட்டில் போட்ட காலத்துக்கு இங்கே தாங்குவதில்லை. ஈப்போவில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் இடி விழ ஆரம்பித்தால் திறந்தவெளி ரைடு எல்லாம் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

கட்டுமானச் செலவுக்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், எண்கள் புரிவதற்காக நானே வைத்தவை. ரைடுக்கு 100 மில்லியன் வெள்ளி, 15 வருஷம் ஓட வேண்டும். வட்டியே இல்லை என்று வைத்தாலும் வருஷத்துக்கு 6.7 மில்லியன். பார்க்குக்கு வருஷத்துக்கு ஐந்து லட்சம் பேர் வந்தால் ஆளுக்கு 13 வெள்ளிக்கு மேல் இந்த ஒரு ரைடுக்கே எடுத்து வைக்க வேண்டும். சம்பளம், மின்சாரம், லைசென்ஸ், உதிரிப் பாகம் எல்லாம் அதற்கு மேல். மூன்று லட்சம் பேர்தான் வந்தார்கள் என்றால் ஆளுக்கு 22 வெள்ளியைத் தாண்டும். கிறிஸ்துமஸ் கதை உள்ள ரைடு பிப்ரவரியில், ஜூனில், ஆகஸ்டில் யாரை இழுக்கும்? பத்து மாதம் பாதி உயிரோடு நிற்கும் ரைடுக்குப் பன்னிரண்டு மாத வட்டி கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

இதை யுனிவர்சல் நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறது. ஒர்லாண்டோவில் கிரிஞ்சின் கதை உலகமே இருக்கிறது, கிரிஞ்சை எழுதிய டாக்டர் சூஸின் கதைகளுக்கென்று 1999-இல் திறந்த பகுதி அது. அங்கே அவருடைய இன்னொரு கதாபாத்திரமான தொப்பி போட்ட பூனைக்கு ரைடு உண்டு, அது 2003-இல் அந்தப் பூனையின் படம் வருவதற்கு நான்கு வருஷம் முன்பே ஓட ஆரம்பித்துவிட்டது. கிரிஞ்சுக்கு இருப்பது டிசம்பர் சீசனில் மேடை நாடகம், பச்சை ஒப்பனை போட்ட நடிகர் பிள்ளைகளோடு பேசுவது, தெருவெல்லாம் அலங்காரம், கடைகளில் சாமான். ஜனவரியில் எல்லாவற்றையும் கழற்றிக் கிடங்கில் வைத்துவிடுவார்கள். இத்தனைக்கும் கிரிஞ்சுக்கு ஒன்றல்ல, 2000-இல் வந்த ஜிம் கேரி படம், 2018 கார்ட்டூன் என்று இரண்டு பெரிய வெற்றிப் படங்கள் இருக்கின்றன, இரண்டுமே அவர்களுடைய படங்கள்தான். காசும் இடமும் கதாபாத்திரமும் கையில் வைத்துக்கொண்டே அவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். எனக்கு இது சரியாகத்தான் படுகிறது. நடிகருக்கு ஆறேழு வாரச் சம்பளம் கொடுப்பது இருபது வருஷம் ஒரு கட்டடத்தைச் சுமப்பதை விட எவ்வளவோ மேல்.

இதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது, ஏற்கனவே ஓடுகிற ரைடுக்குப் பண்டிகை வேஷம் போடுவது. கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் 1969-இலிருந்து ஒரு பேய் மாளிகை ரைடு ஓடுகிறது. 2001-இலிருந்து ஏறக்குறைய ஒவ்வொரு வருஷமும் கோடையின் கடைசியில் அதைக் கொஞ்ச நாள் மூடி, ‘தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்’ படத்தின் பொம்மைகளையும் இசையையும் உள்ளே வைத்து, ஜனவரி வரைக்கும் ஓட்டுகிறார்கள். டோக்கியோவில் 2004-இலிருந்து. அந்தப் படம் 1993-இல் முதல் தடவை வந்தபோது வட அமெரிக்காவில் 50 மில்லியன் டாலர் அளவுதான் எடுத்தது, கிரிஞ்சின் பக்கத்தில் வைத்தால் தூசு. ஆனால் பார்த்தவர்கள் விடவில்லை, வருஷா வருஷம் திரும்பப் பார்த்தார்கள், சட்டையும் பொம்மையும் வாங்கினார்கள், அவர்களுடைய பிள்ளைகளும் பார்த்தார்கள். முதல் வார வசூலில் இது எங்கே தெரிந்தது? எங்கேயும் தெரியவில்லை. எட்டு வருஷம் கழித்து ரைடில் தெரிந்தது.

‘தி போலார் எக்ஸ்பிரஸ்’ இன்னும் நல்ல உதாரணம். 2004-இல் பெரிய செலவில் எடுத்த படம், வசூல் பிரமாதம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கதையில் ஒரு பிள்ளை ராத்திரியில் ரயில் ஏறி வடதுருவத்துக்குப் போகிறான், அவ்வளவுதான் கதை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பழைய ரயில் பாதைகள் வைத்திருப்பவர்கள் லைசென்ஸ் வாங்கி, டிசம்பரில் தங்கள் ரயிலையே அந்தப் படத்து ரயிலாக மாற்றி, பிள்ளைகள் இரவு உடையோடு வந்து ஏற, சூடான சாக்லேட் கொடுத்து ஓட்டுகிறார்கள். ரயில் இருக்கிறது, தண்டவாளம் இருக்கிறது, அவர்கள் புதிதாக எதையும் ஊன்றவில்லை. ஒர்லாண்டோ சீவேர்ல்டிலும் சில வருஷம் ஏற்கனவே இருந்த பனிப்பிரதேச சிமுலேட்டரில் கிறிஸ்துமஸ் சீசனுக்கு மட்டும் இந்தப் படத்தை ஓட்டினார்கள்.

நம் ஊர்த் திடலில் வந்து இறங்கும் ஃபன்பேர்காரர்களும் இதைத்தான் பண்ணுகிறார்கள், யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. புழு மாதிரி ஓடும் அந்தச் சின்ன ரயில் அதே ரயில்தான், மோட்டாரும் அதேதான். எந்தக் கார்ட்டூன் அந்த வருஷம் பிள்ளைகள் வாயில் ஓடுகிறதோ அதன் முகத்தைப் பலகையில் வரைந்து மேலே மாட்டிவிடுவார்கள், அடுத்த வருஷம் வேறு முகம். உரிமை வாங்காமல் வரைவது சரியில்லை, அது வேறு விஷயம். ஆனால் இரும்பு நீண்ட காலத்துக்கு, முகம் கொஞ்ச நாளைக்கு என்று அவர்கள் பிரித்து வைத்திருக்கும் அந்தக் கணக்கு சரியானது.

அப்படியானால் பண்டிகைக்கு வந்த எந்தப் படத்துக்கும் ரைடே கட்டக் கூடாதா என்று கேட்பீர்கள். கட்டலாம், கட்டி ஜெயித்திருக்கிறார்கள். ‘ஃப்ரோசன்’ 2013 தேங்க்ஸ்கிவிங்குக்கு வந்தது, 1.2 பில்லியன் டாலருக்கு மேல் எடுத்தது. 2016 ஜூனில் ஃப்ளோரிடா டிஸ்னியின் எப்காட் பார்க்கில் அதற்கு ரைடு திறந்தார்கள், அதுவும் அங்கே 1988-இலிருந்து ஓடிய நார்வே படகு ரைடின் அதே கால்வாயையும் படகுகளையும் வைத்து. அப்புறம் 2023-இல் ஹாங்காங்கில் ஒரு முழுப் பகுதி, 2024-இல் டோக்கியோவில். ‘அவதார்’ 2009 டிசம்பரில் வந்து 2.7 பில்லியனைத் தாண்டியது, ஃப்ளோரிடாவில் அதன் பகுதி திறந்தது 2017 மே மாதம். இரண்டும் விடுமுறையில் வந்த படங்கள்தான், ஆனால் கதை விடுமுறையைப் பற்றியது இல்லை. ஃப்ரோசன் எல்சாவின் பனி அரண்மனை ஜூலையிலும் பனி அரண்மனைதான், அவதாரின் மிதக்கும் மலைகள் எந்த மாதமும் மிதக்கும். படம் பார்த்துவிட்டு வெளியே வரும் பிள்ளை அந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று அழுகிறதா, இல்லை அந்தக் கதாபாத்திரத்தின் பொம்மை மட்டும் போதும் என்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பொம்மை போதும் என்றால் கடை போடுங்கள், இடத்துக்கே போக வேண்டும் என்றால் ரைடு பற்றிப் பேசலாம்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ‘வாட்டர்வேர்ல்ட்’ இருக்கிறது. நம் ஆட்கள் சிங்கப்பூர் யுனிவர்சல் போனால் தவறாமல் நனைந்துவிட்டு வரும் அந்தத் தண்ணீர்ச் சண்டைக் காட்சி. 1995-இல் சுமார் 175 மில்லியன் டாலர் கொட்டி எடுத்த படம், அமெரிக்காவில் வசூல் ஏமாற்றம், பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. அதே வருஷம் ஹாலிவுட் பார்க்கில் ஆரம்பித்த காட்சி முப்பது வருஷமாக ஓடுகிறது, அப்புறம் ஜப்பானுக்கும் சிங்கப்பூருக்கும் பெய்ஜிங்குக்கும் போனது. அந்தக் காட்சியை ரசிப்பவர்களில் பெரும்பாலோர் படத்தைப் பார்த்ததே இல்லை. தண்ணீர், தீ, விமானம் வந்து விழுவது, அதற்கு வசூல் தேவைப்படவில்லை.

நேரம் என்று ஒன்று இருக்கிறது, அதை நம் பக்கத்து உதாரணத்தோடு சொல்ல வேண்டும். படம் ஓடும்போது முடிவெடுத்தால் ரைடு திறக்க மூன்று முதல் ஐந்து வருஷம், சில சமயம் அதற்கும் மேல். கெந்திங் மலையில் ஃபாக்ஸ் ஸ்டூடியோ பெயரில் பார்க் வரப்போகிறது என்று 2013-இல் அறிவித்தார்கள். 2018-இல் அது ஒரு பில்லியன் டாலருக்கு மேல் நஷ்டஈடு கேட்கும் வழக்காகி, 2019-இல் சமரசமாகி, ஸ்கைவேர்ல்ட்ஸ் என்ற புதுப் பெயரில் 2022 பிப்ரவரியில்தான் திறந்தது. உள்ளே ஐஸ் ஏஜ், ரியோ, ரோபோட்ஸ், எபிக் என்று நான்கு கார்ட்டூன் படங்களுக்குத் தனித்தனிப் பகுதிகள். இந்த நான்கையும் எடுத்த புளூ ஸ்கை ஸ்டூடியோ 2021-லேயே மூடப்பட்டுவிட்டது. பார்க் திறக்கும்போது படம் எடுத்த கம்பெனியே உலகத்தில் இல்லை. அப்படியும் பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் ஏறுகிறார்கள், ஏனென்றால் மலை, குளிர், நல்ல ரைடுகள். சிங்கப்பூரில் மடகாஸ்கர் படகு ரைடு 2011-இல் திறந்து 2022-இல் மூடிவிட்டது, அந்த இடத்தில் 2025-இல் மினியன்கள் வந்து உட்கார்ந்தன. அரை பில்லியன் டாலர் தாண்டிய படத்தின் ரைடு, ஆயுள் 11 வருஷம்.

இப்போது ஈப்போ. தம்பி கேட்டதில் எனக்கு வலிக்கிற இடம் இதுதான். நம் ஊரிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது, மேரு ராயாவில் 2017 ஜூனில் மேப்ஸ் என்று அனிமேஷன் பார்க் திறந்தார்கள், 500 மில்லியன் வெள்ளிக்கு மேல் செலவு என்று செய்திகளில் வந்தது. அதில் போபோய்போய்க்கு ஒரு பகுதி இருந்தது, நம் நாட்டுக் கார்ட்டூன், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்லும் கதாபாத்திரம். 2019 ஆகஸ்டில், ஹஜ்ஜுப் பெருநாளையும் பள்ளி விடுமுறையையும் ஒட்டி, போபோய்போய் இரண்டாவது படம் வந்தது. சுமார் 30 மில்லியன் வெள்ளி வசூல், உள்ளூர் கார்ட்டூன் படங்களில் அதுவரைக்கும் யாரும் பார்க்காத எண். 2020 ஜனவரி கடைசியில் பார்க் மூடிவிட்டது. நாட்டின் பெரிய விடுமுறைக் கார்ட்டூன் வெற்றிகளில் ஒன்று, அதே கதாபாத்திரம், அதே நாடு, நடுவில் ஆறு மாதம்கூட இல்லை. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை, கடன் அடையாமல் அப்படியே நின்றது. படத்தின் 30 மில்லியன் முழுவதையும் அப்படியே தூக்கிக் கொடுத்திருந்தாலும் அந்தக் கடனில் ஒரு மூலைக்குத்தான் காணும். நான் சொல்ல வருவதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

அது மூடியபோது வேலை போனவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வெளியூர் போகாமல் கிடைக்கிற நல்ல வேலை இது. ரைடு ஆப்பரேட்டர் என்றால் பொத்தான் அழுத்துகிற ஆள் என்று நினைக்காதீர்கள், கூட்டத்தைக் கையாளத் தெரிய வேண்டும், மூன்று மொழியில் பேச வேண்டும், நின்றுபோன ரைடிலிருந்து பயந்துபோன ஆட்களைப் பதற்றமில்லாமல் இறக்கத் தெரிய வேண்டும். மெயின்டனன்ஸில் இரண்டு வருஷம் நன்றாகக் கற்ற பையனுக்கு நியூமாட்டிக் (காற்றழுத்தம்), ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தம்), பிஎல்சி (இயந்திரத்தை ஓட்டும் கம்ப்யூட்டர்) எல்லாம் கைக்கு வந்துவிடும், எந்தத் தொழிற்சாலையிலும் அவனை எடுப்பார்கள். இப்படி ஒரு பார்க் நம் வட்டாரத்தில் நிலைத்து நிற்க வேண்டும் என்பதில் எனக்கு எவ்வளவு ஆசை இருக்கிறதோ அவ்வளவுக்கு, தப்பான காரணத்தைச் சொல்லி இன்னொன்றைக் கட்டி அதுவும் மூன்று வருஷத்தில் பூட்டிக் கிடப்பதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

தீபாவளிப் படங்களை வைத்து நம் ஆட்கள் ரைடு கட்டலாமே என்று வேறு சிலரும் கேட்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், நம் பண்டிகைப் படங்களில் பெரும்பாலானவை கதாநாயகனை நம்பி நிற்பவை. அவர் வரும்போது விசில், பாட்டு, சண்டை, அது தியேட்டரில் ஆயிரம் பேரோடு பார்க்கிற அனுபவம். அதை வண்டியில் நான்கு நிமிஷத்துக்கு மாற்றினால் என்ன மிஞ்சும்? சில படங்களுக்குக் கட்டவே கூடாது. 2024 தீபாவளிக்கு வந்த ‘அமரன்’ 300 கோடி ரூபாயைத் தாண்டியது, அது உயிர்விட்ட ஒரு ராணுவ அதிகாரியின் கதை. அந்த வசூலைக் காட்டி யாராவது துப்பாக்கிச் சண்டை ரைடு கட்டினால் நான் என் பிள்ளைகளை ஏற்ற மாட்டேன். ‘பாகுபலி’ வேறு மாதிரி, அது ஓர் இடம், ஓர் அரண்மனை. அதனால்தான் ஐதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டியில் அந்த செட்டை விட்டுவைத்து இன்றும் சுற்றிக் காட்டுகிறார்கள், அதற்குக் கட்டுமானச் செலவு ஏற்கனவே படத்தின் கணக்கில் போய்விட்டது.

இன்னொன்று, பண்டிகை உணர்வுதான் வேண்டுமென்றால் படமே தேவையில்லை. அமெரிக்காவில் இண்டியானாவில் சாண்டா கிளாஸ் என்றே பெயருள்ள ஊரில் 1946-இல் கிறிஸ்துமஸ் தாத்தாவை வைத்து ஒரு பார்க் ஆரம்பித்தார்கள், இன்றைக்கு ஹாலிடே வேர்ல்ட் என்ற பெயரில் ஓடுகிறது, ஸ்டூடியோ யாருக்கும் ராயல்டி கொடுத்து ஆரம்பித்ததில்லை. நம் ஷா ஆலம் ஐ-சிட்டியில் பனிக்கூடம் வைத்தார்கள், பனி என்றால் நம் பிள்ளைகளுக்குப் போதும், கையுறை போட்டுக்கொண்டு வழுக்கி விளையாட கிரிஞ்ச் வந்து நிற்க வேண்டியதில்லை.

ஆக தம்பி, ஈப்போ பக்கம் யாராவது ஒரு முதலீட்டாளர் இந்தப் பேச்சை எடுத்தால், வசூலைக் கேட்காதீர்கள், வேறு சிலவற்றைக் கேளுங்கள். படம் வந்து ஐந்து வருஷம் கழித்தும் நம் வட்டாரத்துப் பிள்ளைகள் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்களா? தோட்டத்திலிருந்து ஐந்து பேர் குடும்பம் வேன் பிடித்து வந்து டிக்கெட், சாப்பாடு எல்லாம் கொடுத்துவிட்டு, அடுத்த வருஷமும் வருமா? லைசென்ஸ் எத்தனை வருஷத்துக்கு, ஸ்டூடியோ கைமாறினால் பெயர்ப் பலகையை யார் செலவில் கழற்றுவது? படத்தின் முகத்தைக் கழற்றிவிட்டு வேறு முகம் மாட்டினால் அதே ரைடு ஓடுமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஓடாது என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

ஓடும் என்றால், முதலில் தம்புனிலோ வேறெங்கோ ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் பார்க்கில் ஒரு ரைடைப் பிடித்து, வருஷக் கடைசி விடுமுறையில் ஆறு வாரத்துக்கு மட்டும் அந்தப் படத்தின் வேஷம் போடட்டும், ஒரு மேடைக் காட்சி வைக்கட்டும். மூன்று வருஷம் தொடர்ந்து செய்து, விடுமுறைக் கூட்டத்தை ஒதுக்கிவிட்டு, ஜனவரி நடுவில் அலங்காரத்தைக் கழற்றும்போதும் வரிசை நிற்கிறதா என்று எண்ணிப் பார்க்கட்டும். நின்றால் அப்போது மண் பரிசோதனைக்கு ஆள் கூப்பிடலாம்.